வில்லன் முகம், நான்காம் படி

ஜனவரி 8, திங்கள்

மூன்றாம் பாகம் உறுதியாகிவிட்டது. நான் வரையும் 'கட்டம் கட்டமாய்' பயிற்சிப் புத்தக வரிசையில் முதல் பாகம் உடம்பும் அசைவும், இரண்டாம் பாகம் கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும். இது முழுக்க வில்லன்கள். காமிக்ஸ் வரையப் பழகும் பிள்ளைகள் கதாநாயகனை ஒரு தடவை வரைந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்களாம், வில்லனைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறார்களாம். எடிட்டர் ஜெயசீலன் சென்னையிலிருந்து போனில் சொன்னார். தொண்ணூற்றாறு பக்கம், மார்ச் கடைசிக்குள்.

என் கணவர் கந்தவேல், மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மகள் தர்ஷி இரண்டாம் வகுப்பு என்று தெரியும். நான் என்ன செய்கிறேன் என்று மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது. "வூட்ல இருந்துட்டே ஏதோ டிராயிங் போடறா" என்பதோடு சரி. அதுவும் ஒரு வசதிதான்.

கேஸ் புக் செய்ய வேண்டும். 2பி பென்சில் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 11, வியாழன்

அனுப்பிய எட்டு முகங்களும் திரும்பி வந்துவிட்டன.

"மேடம், இவங்க வில்லன் மாதிரியே இல்ல. பேங்க்ல டோக்கன் குடுக்கிறவங்க மாதிரி இருக்காங்க" என்றார் ஜெயசீலன். "மூஞ்சியப் பார்த்ததும் பக்கத்தத் திருப்பக் குழந்தைக்குக் கை வரக் கூடாது. அப்படி ஒரு மூஞ்சி வேணும்."

மொட்டைத்தலை வரைந்தேன். கன்னத்தில் வெட்டுக்காயம் வைத்தேன். எல்லாம் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. கெட்டவனை மனதிலிருந்து வரைந்தால் அவன் பொம்மையாகத்தான் வருகிறான். முதல் பாகத்தில் நானே எழுதியிருக்கிறேன்: "உயிருள்ள ஒருவரைப் பார்த்து வரையுங்கள். கற்பனை பிறகு தானாக வரும்."

ஜனவரி 17, புதன்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தாயிற்று. வேன் எட்டு பத்துக்கு வந்தது. எதிர்வீட்டுப் பையன் ஷூவைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்ததால் ஏழு நிமிஷம் நின்றது.

வேன்காரர் சென்னியப்பன். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் காலனியிலிருந்து பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்து சின்ன வயதில் தைத்தது, மூக்கின் அடியிலிருந்து உதடுவரை ஒரு மடிப்பாக நிற்கும். இடது இமை பாதிக்கு மேல் திறக்காது. முதன்முதலில் பார்த்தபோது தர்ஷி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்போது அவர் தோளில் கையை ஊன்றித்தான் வேனில் ஏறுகிறாள். அவளை "அம்மிணி" என்று கூப்பிடுவார்.

ஜன்னலருகே நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள், நிற்கிறவர்கள் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் கிறுக்கினேன். குறிப்பாக யாரையும் இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

பக்கம் 34 முடிந்தது. 'வில்லன் முகம்: ஆறு படிகள்.' ஒன்று, முட்டை. இரண்டு, குறுக்குக் கோடுகள். மூன்று, கண்ணும் மூக்கும் இருக்கும் இடம். நான்கு, பென்சிலில் முழு முகம். ஐந்து, இங்க். ஆறு, நிழல்.

நான்காம் படிக்குக் கீழே எழுதிய குறிப்பு நன்றாக வந்திருக்கிறது: "இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருந்தால் முகம் நல்லவனுடையது. ஒரு கண்ணைக் கொஞ்சம் மூடுங்கள். உதட்டைக் கோணலாக்குங்கள். இப்போது பாருங்கள், யாரும் இவனை நம்ப மாட்டார்கள்."

ஜெயசீலன் பத்தே நிமிஷத்தில் கூப்பிட்டார். "எங்க புடிச்சீங்க மேடம் இந்த மூஞ்சிய?"

கற்பனை என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

வீட்டுப்பாடம் எழுத மேசைக்கு வந்த தர்ஷி பக்கத்தைப் பார்த்து, "ஐ, சென்னி மாமா!" என்றாள். இல்லை கண்ணு, இது கதையில் வருகிற ஆள் என்றேன். "அப்ப எதுக்கு மாமா மாதிரியே இருக்காரு?" என்று கேட்டுவிட்டு பென்சில் சீவப் போய்விட்டாள்.

ராத்திரி ஆறாம் படியில் தாடி வைத்தேன். ஐந்தாம் படியிலும். பென்சில் படங்கள், நான்காம் படிவரை, ஏற்கனவே லேஅவுட்டுக்குப் போய்விட்டன. அதற்காக மறுபடி தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தாடி இருந்தால் யாருக்கும் தோன்றாது.

பிப்ரவரி 3, சனி

பதிப்பகம் விளம்பரத்துக்காகப் பேஸ்புக்கில் மாதிரிப் பக்கம் போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். நானூறு பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். "நான்காவது படத்தைப் பார்த்தாலே குலை நடுங்குது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். பத்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன். என் படத்தைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கந்தவேலிடம் காட்டினேன். "பரவால்லயே" என்றார். பிறகு போனை வாங்கி இன்னொரு தரம் பார்த்தார்.

பிப்ரவரி 14, புதன்

காலனி வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு படம் வந்தது. போட்டது ருக்குமணி அக்கா. தெருமுனை வீடு, குழுவை நடத்துவதே அவர்தான். படத்துக்கு மேலே சிவப்பு எழுத்து: "உஷார்! வட மாவட்டங்களில் குழந்தை கடத்தும் கும்பல். போலீஸ் வெளியிட்ட படம். இவனைப் பார்த்தால் விடாதீர்கள். உங்கள் குழந்தைகளுக்காக எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்."

நான்காம் படி.

சுற்றியிருந்த ஐந்து படங்களையும் என் குறிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்கள். பென்சில் படம் என்பதால், போலீஸில் அடையாளம் சொல்லி வரைவார்களே, அசல் அப்படியே இருக்கிறது. தாடி இல்லை.

முதலில் வந்தது பயமில்லை. அதை எழுதிவிடுகிறேன். என் கோடு இவ்வளவு தூரம் போய்விட்டதே என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. வேறு வைத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

கந்தவேலிடம் சொன்னேன்.

"நம்ம படம்னு சொல்லிப்போடறேங்க. குரூப்புல ஒரு வரி எழுதுனாப் போதும்."

"எழுதி?" என்றார். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே பேசினார். "இது எங்கிருந்து கெளம்புச்சுன்னு கேப்பாங்க. உன்ற பேரு வரும். புரளி கெளப்புனவங்க மேல கேசு போடறாங்களாமா. நாளைக்கு போலீசு வூட்டு வாசல்ல வந்து நின்னா தர்ஷிய நெனச்சுப் பாரு. நீயா அனுப்புன? இல்லீல்ல? நாலு நாளு போனா வேற ஒண்ணு வரும், இது மறந்துரும்."

ஜெயசீலனுக்கும் போன் செய்தேன். பதறிப்போனார். மத்தியானத்துக்குள் பேஸ்புக்கிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். "எடுத்தாச்சு மேடம். இப்ப அது நம்மளுதுன்னு ஒருத்தராலும் சொல்ல முடியாது. நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

அதே படம் தர்ஷியின் வகுப்புப் பெற்றோர் குழுவில். கந்தவேலின் மில் குழுவில். என் தம்பி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எனக்கே அனுப்பியிருக்கிறான்: "அக்கா, பாப்பா பத்திரம்."

பிப்ரவரி 19, திங்கள்

சென்னியப்பனுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்கள்: படத்தில் நெற்றி அகலம் குறைவு. புருவம் அடர்த்தி. காது சிறியது. படத்தில் இருப்பவன் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். கழுத்தும் வேறு.

ஆக, அவர் இல்லை.

தர்ஷிக்கு லேசாகச் சளி. வேன் ஜன்னலில் காற்று அடிக்கும். இன்றையிலிருந்து ஸ்கூட்டியில் நானே கொண்டுபோய் விடுகிறேன். பள்ளி ஒன்றும் தூரமில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

சாயங்காலம் சென்னியப்பன் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றி விட்டுவிட்டு நின்றார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா? நாலு நாளா வண்டிக்கு வர்றதில்லீங்களே."

"சளிங்க. கொஞ்ச நாளைக்கு நானே கூட்டிட்டுப் போயிக்கறேன்."

"சரீங்க. ஜன்னலோரமா உக்காரக் கூடாதுன்னு சொன்னாலும் அம்மிணி கேக்கறதில்லீங்க" என்று சிரித்தார். போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "ஒண்ணு கேப்பனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பொங்க கழிச்சு ஒரு நா ஜன்னல்ல உக்காந்து என்னைய வரைஞ்சீங்களா? வண்டிக் கண்ணாடியில பாத்தனுங்க. நீங்க வரையட்டும்னு தலையத் திருப்பாமயே நின்னுட்டிருந்தேன். வூட்ல போயிச் சொன்னா மாராத்தா நம்பவே மாட்டேங்கறா. உன்ற மூஞ்சிய எவ வரைவான்னு சிரிக்கறா. அந்தப் படத்த ஒருக்கா குடுத்தீங்கன்னா அவகிட்டக் காட்டிட்டுக் கொண்டாந்து குடுத்தர்றனுங்க."

அன்றைக்கு மரத்தை வரைந்துகொண்டிருந்தேன் என்றேன்.

"அப்படீங்களா" என்றார். எங்கள் வாசலுக்கு எதிரே மரம் கிடையாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் சாதாரண போன்தான். வாட்ஸ்அப் இல்லை.

அந்த நோட்டில் சில பக்கங்களைக் கிழித்தேன். அலமாரியில் இடமில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

பால் வாங்கப் போனபோது ருக்குமணி அக்கா கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஏங்கண்ணு, நீ முன்னாடியே கண்டுபுடிச்சிட்டியா? எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னதுங்க்கா?"

"அட, அந்த வேன்காரன்! அந்தப் படத்த நல்லாப் பாத்தியா? அந்த ஒதடு, அந்தக் கண்ணு... எனக்கு மொதல்ல தோணல. நீ பாப்பாவ நிறுத்தினதுக்கு அப்பறந்தான், கீதாமணி ஒண்ணுமில்லாம நிறுத்த மாட்டாளேன்னு மறுக்கா எடுத்துப் பாத்தேன். நெஞ்சே நின்னு போச்சு."

"இல்லீங்க்கா, தர்ஷிக்குச் சளி. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. மூணு வருசமா ஓட்டறாரு."

"அப்படித்தான் எல்லாரும் நெனப்பாங்க கண்ணு."

இதைவிட அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். பால் திரிந்துவிடுமோ என்று வந்துவிட்டேன்.

மார்ச் 1, வியாழன்

வேனில் இப்போது நான்கு பிள்ளைகள்.

வேலையில் கவனம் வைக்கிறேன். இன்று ஏழாம் அத்தியாயம், 'கும்பல் வரைவது'. எழுதியதை இங்கேயும் குறித்து வைக்கிறேன்: "கும்பலில் எல்லோருக்கும் முகம் தேவையில்லை. முன்வரிசையில் மூன்று, நான்கு முகங்களை முழுதாக வரையுங்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் முட்டைகள் போதும். கைகளை மட்டும் மறக்காமல் உயர்த்திக் காட்டுங்கள். எத்தனை கைகள் இருக்கின்றனவோ, அத்தனை பேர் இருப்பதாகப் படிப்பவர் நம்பிவிடுவார்."

மார்ச் 5, திங்கள்

குழுவில் எழுதினேன்: "இந்தப் படம் நான் ஒரு புத்தகத்துக்காக வரைந்தது. இது எந்தத் திருடனும் இல்லை. நம் வேன் அண்ணனைப் பார்த்துத்தான்..."

அந்த வரியில் நின்றுவிட்டேன். "பார்த்துத்தான்" என்பதை அழித்தேன். பிறகு மற்றதையும்.

நான் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியதை ருக்குமணி அக்கா பார்த்திருக்க வேண்டும். "என்ன கீதா? எதும் தகவலா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வருமா என்று கேட்டேன்.

இன்று காலை வேன் வரவில்லை. மீதி நான்கு பேரும் ஆட்டோவுக்கு மாறிவிட்டார்களாம்.

மார்ச் 7, புதன்

சாயங்காலம் ஆறு மணி. குழுவில் ஒரு வீடியோ. "மாட்டிக்கிட்டான்" என்று எழுதியிருக்கிறது. வடக்கே ஏதோ ஊர். வெள்ளை வேன், கண்ணாடி உடைந்திருக்கிறது. நான் முதல் சில நொடிகளுக்கு மேல் பார்க்கவில்லை.

கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. எண்ணவில்லை.

தர்ஷி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச் 8, வியாழன்

கந்தவேல் மில்லில் விசாரித்துக்கொண்டு வந்தார். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நின்றுவிட்டதால் சென்னியப்பன் வாடகைச் சவாரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். நேற்று கல்யாண வீட்டுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வழி தெரியவில்லை. பள்ளிவிட்டு வந்துகொண்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகளிடம் வண்டியை நிறுத்திக் கேட்டிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன் போனை எடுத்துப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான்.

நாற்பது பேர் இருக்கும் என்கிறார்கள்.

உயிர் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். வலது கண்ணில் பார்வை திரும்பாது. இடது கையில் மூன்று இடத்தில் எலும்பு முறிவு.

கந்தவேல் சொல்லி முடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நாலு நாள்ல மறந்துரும்னு நெனச்சேன் கீதா" என்றார். அவர் சொன்னதால்தான் நான் சும்மா இருந்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

மார்ச் 9, வெள்ளி

குழுவில் அந்த வீடியோவை அழித்துவிட்டார்கள். ஒரு வார்த்தையும் இல்லை. யாரோ கொய்யாப்பழம் விற்பனைக்கு இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 12, திங்கள்

மதியம் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்கதான் படம் வரையறவங்களா?"

"ஆமாங்க."

"ஒரு உதவி வேணும். அடிச்சவங்கள்ல பாதிப் பேரு ஊரை விட்டே போயிட்டானுங்க. வீடியோவுல முதுகுதான் தெரியுது. அடிபட்டவரு இன்னிக்குத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு. அவரு அடையாளம் சொல்லச் சொல்ல வரைஞ்சு தர ஆளு வேணும். எங்க ஆர்ட்டிஸ்ட் கோயமுத்தூர்ல இருந்து வர ரெண்டு நாளாகும். இந்தத் தெருவுல ஒரு அம்மா வரைவாங்கன்னு அவரு சம்சாரம்தான் சொல்லிச்சு."

என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

சென்னியப்பனின் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்தது இடது கண், எப்போதும் பாதிதான் திறக்குமே, அது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்துக் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி மாராத்தாள் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

"வாங்க. அம்மிணிக்குச் சளி விட்டுருச்சுங்களா?" என்றார்.

விட்டுவிட்டது என்றேன்.

எஸ்.ஐ. கேட்டார்: "மொதல்ல அடிச்சவன் எப்படி இருந்தான்? சொல்லுங்க. முகம் எப்படி? தழும்பு, மச்சம், எதாவது?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நான் முட்டையை வரைந்து, குறுக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"நல்ல மூஞ்சிங்க" என்றார்.

"நல்லதுன்னா?"

"லட்சணமா இருந்தானுங்க. எங்க மாமன் மவனாட்டம். நெத்தியில துன்னூறு வெச்சிருந்தான். மொதல்ல, எங்க போகோணும் அண்ணான்னு மருவாதியாத்தான் கேட்டான். வழி சொல்லத்தான் வர்றான்னு நானும் எறங்கினேன்."

"அடுத்தவன்?"

"அவனும் அப்படித்தானுங்க. படிச்ச பையனாட்டம் இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். ஒரு வயசான அய்யனும் இருந்தாருங்க. எல்லாருமே நம்ம ஊருல பாக்கறவங்களாட்டத்தான் இருந்தாங்க. கெட்ட மூஞ்சின்னு ஒண்ணுகூட நெனப்புக்கு வர்லீங்க."

எஸ்.ஐ. என் நோட்டை எட்டிப் பார்த்தார். முட்டைக்குள் நான் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.

அவர் களைத்துப் போனதும் டாக்டர் எங்களை வெளியே அனுப்பினார். எஸ்.ஐ. போன் பேச மாடிப்படிப் பக்கம் போனார். வராந்தா பெஞ்சில் மாராத்தாளும் நானும் மட்டும். அவள் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். "வெயில்ல வந்தீங்க, குடிங்க."

குடிக்காமல் சொன்னேன். முழுவதும் சொன்னேன். ஜன்னல், ஏழு நிமிஷம், நான்காம் படி. அவர் வந்து கேட்டபோது மரம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நெசமாலுமே வரைஞ்சீங்க" என்றாள். "நாந்தான் அவர நம்பாமச் சிரிச்சேன்."

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் படம் இப்படிப் போனில சுத்துதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"போன மாசம் பதினாலாந் தேதி."

அவள் விரல் கணுக்களில் எண்ண ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஒரு தடவை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருவத்தியொரு நாளு" என்றாள். "தெனமும் காத்தால எந்திரிச்சு வண்டியத் தொடச்சுட்டுத்தானுங்க போனாரு. ஒவ்வொரு புள்ளையா நிக்க நிக்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன் மாராத்தா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு என்னையக் கேட்டாரு. எனக்கும் தெரியல. இருவத்தியொரு நாள்ல ஒரு நாளு வந்து சொல்லியிருந்தீங்கன்னா வண்டிய வூட்டோட நிறுத்தியிருப்பமே."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்துகிற அளவுக்குக்கூட என்மேல் கோபம் இல்லாதது போல் இருந்தது.

மார்ச் 13, செவ்வாய்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். கந்தவேலும் வந்தார், வாசலில் நின்றார். எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். "இத அன்னைக்கே குடுத்திருந்தா ஒரு காயிதத்தோட முடிஞ்சிருக்கும்மா" என்றார். என்மேல் என்ன நடவடிக்கை என்று மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்வாராம். ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றார்.

ஜெயசீலனிடம் பக்கம் 34 வராது, ஏழாம் அத்தியாயமும் வராது, என் பெயரில் இந்தப் புத்தகமே வர வேண்டாம் என்றேன். "யோசிச்சு சொல்லுங்க மேடம்" என்றார். யோசித்துவிட்டேன்.

தர்ஷியிடமும் சொன்னேன். அது சென்னி மாமாதான், நான் பொய் சொன்னேன் என்று. "எனக்குத் தெரியுமே" என்றாள். அதன் பிறகு ராத்திரி தூங்கும்வரை அவள் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 15, வியாழன்

காலை பத்து மணிக்குக் குழுவில் போட்டேன். இந்த முறை எதையும் அழிக்கவில்லை. படத்தை வரைந்தவள் நான், பார்த்து வரைந்தது சென்னியப்பனை, அவர் எந்தக் குற்றமும் செய்யாதவர், போலீஸ் அப்படி ஒரு படம் வெளியிடவே இல்லை, எனக்கு முதல் நாளிலேயே தெரியும். ஆறு படிகளும் இருக்கும் முழுப் பக்கத்தையும் போட்டேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிற குழு. அரை மணி நேரத்துக்குள் எழுபது பேர் படித்துவிட்டதாகக் காட்டியது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பதினோரு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அதில் இரண்டு பேர் வேனில் பிள்ளைகளை அனுப்பியவர்கள்.

பதினொன்றேகாலுக்கு ருக்குமணி அக்கா எழுதினார்: "அடப்பாவமே. அப்ப அது வேற ஆளு படமா? சரி, போனது போகட்டும். அசல் திருடன் படம் யாருகிட்டயாவது இருந்தாப் போடுங்க. புள்ளைங்கள வெளிய அனுப்பவே பயமா இருக்குது."

அதன் கீழே நிறையக் கும்பிடுகள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது. இது வரைந்தது இல்லை, போட்டோ. ஏதோ பஸ் ஸ்டாண்டில் எடுத்தது. முப்பது வயதுப் பெண், தோளில் தூங்கும் குழந்தை, கையில் துணிப்பை. காமிராவைப் பார்க்கவில்லை. "குழந்தை இவள் ஜாடையில் இல்லை. விசாரிக்கவும். எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது.

எஸ்.ஐ.க்குப் போன் செய்து படத்தை அனுப்பினேன். குழுவில் ஒரு வரி எழுதினேன். அது போதாது என்று தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டக்கூட நிற்காமல் தெருமுனைக்குப் போனேன். ருக்குமணி அக்கா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் போன். கட்டை விரல் திரைக்கு மேலே நின்றிருந்தது.

"அக்கா, அனுப்பாதீங்க" என்றேன்.

"எதக் கண்ணு? இதயா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தான் அனுப்புனேன்."

"யாருக்கெல்லாமுங்க?"

அவர் சொல்லச் சொல்ல நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டேன். முதல் வீட்டுக்கு இப்போது போகிறேன்.